திரையின் முதுகுப் பக்கம்

லிஃப்ட்காரர் தாம் ஒரு புத்தகம் எழுதப்போவதாக அறிவித்தபோது அவர் மனைவி தையல் இயந்திரத்தின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன புத்தகம்?"

"லிஃப்ட் பராமரிப்பு. மூணு பாகம்."

"யாரு படிக்கிறது?"

"லிஃப்ட் வச்சிருக்கிறவங்க அத்தனை பேரும்."

"படியே வேண்டாம்னுதானே அவங்க லிஃப்ட் வச்சிருக்காங்க. அவங்க போய்ப் படிப்பாங்களா?"

ஆயுள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றிவிட்ட மனிதர் அவர். பழுதான லிஃப்டின் கூண்டுக்குமேல் நின்றுகொண்டு, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கம்பிவடங்களோடு பேசியே காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வீட்டு ஹாலில் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டார். அக்கம்பக்கத்தில் அவர் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும்.

"எழுதறதுக்கு ஒரு சின்ன லேப்டாப் வேணும்" என்றார்.

"பேனா வேண்டாமா?"

"இந்தக் காலத்துல யாரு பேனாவுல எழுதறா?"

"எழுதறவங்க எழுதறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இயந்திரத்தை மிதித்தாள். யாரோ ஒருவருடைய ஜன்னலுக்கான திரைச்சீலை, நீலமாக, அவள் மடியிலிருந்து தரைக்கு வழிந்தது. திரைச்சீலை தைப்பதுதான் அவள் தொழில். ஊரார் ஜன்னல்களை எல்லாம் மூடிவைத்தவள், புருஷனை மட்டும் திறந்த ஜன்னலாகப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். புத்தகம் என்பது பொய். தலைப்பைத் தாண்டி ஒரு வரியும் அவரிடம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது மகளின் குரல்.

மகள் வெளியூரில் இருந்தாள். அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏழாம் மாதத்தில் அவளுடைய குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் அழுதார்கள். லிஃப்ட்காரருக்கு நாலு பேர் முன்னால் அழ வராது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. "நல்லவேளைம்மா. பெத்து, வளர்த்து, பழகினதுக்கு அப்புறம் போகாம முன்னாடியே போச்சே" என்றார். மனசுக்குள் இருந்தவரை அது ஆறுதலாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் என்னவோ ஆகிவிட்டது. மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அப்பா, இனிமே என்கிட்ட பேசாதீங்க."

அவர் பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வீம்பு என்றார்கள் சம்பந்திகள். நெஞ்சழுத்தம் என்றாள் மனைவி. இரண்டும் இல்லை. லிஃப்ட் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெக்கானிக் கூண்டுக்கு மேலேயோ அடிக்குழிக்குள்ளோ இறங்கும்முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் மேல் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போவான்: உள்ளே ஆள் இருக்கிறார், தொடாதே. மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். மேலதிகாரி வந்தாலும் சரி, கட்டடத்தின் முதலாளியே வந்தாலும் சரி, வேறொருவன் கைவைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே இருப்பவன் உயிர் போகும். மகளும் அப்படி ஒரு பலகையை மாட்டிவிட்டு உள்ளே, இருட்டுக்குள் இறங்கிவிட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். சுவிட்சுப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இதை மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவும் இல்லை.

சாயங்காலமானால் மகள் கூப்பிடுவாள். மனைவியிடம் இருந்தது பழைய போன். அதைக் காதோடு ஒட்டவைத்துக்கொள்வாள். அவருக்குக் கிடைத்ததெல்லாம் அவளுடைய "ம்" மட்டும். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாழ்க்கையையே கட்டிப் பார்ப்பார். குட்டையான "ம்" என்றால் மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார். இழுத்த "ம்ம்ம்" என்றால் மகளுக்கு உடம்பு அசதி. "ம்?" என்று மேலே போனால் ஏதோ விசேஷம். மேலே போன "ம்" உடனே கீழே இறங்கினால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன சொன்னா?" என்று கேட்கவும் மாட்டார். "போன் பில்லு ஏறுது" என்பார்.

"ஏறட்டும். இந்த வீட்டுல ஏறுறது அது ஒண்ணுதான்" என்பாள் அவள்.

கடையில் ஒரு பெண் அவருக்கு அந்தச் சாமானைக் காட்டினாள். திரை தனி, கீபோர்டு தனி. "கழட்டினா டேப்லெட், மாட்டினா லேப்டாப் சார். ரெண்டும் ஒண்ணுலயே." அவள் திரையைப் பிடித்து இழுக்க, டக்கென்று கையோடு வந்தது. திரும்ப வைக்க, காந்தம் போலக் கவ்விக்கொண்டது. லிஃப்ட்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "சத்தம் எப்படி?"

"ஹால் முழுக்கக் கேக்கும் சார்."

அவர் திட்டம் எளியது. தனக்கு லேப்டாப், மனைவிக்கு முகம் பார்த்துப் பேச வசதி. அவள் மேஜையில் அதை வைத்து மகளோடு பேசுவாள். அவர் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். காது மட்டும் வேலை செய்யும். பேச வேண்டாமென்றுதானே மகள் சொன்னாள்? கேட்க வேண்டாமென்று சொல்லவில்லையே.

முதல் சாயங்காலம் மேஜையில் அதைத் திறந்துவைத்து, 'லிஃப்ட் பராமரிப்பு: முதல் பாகம்' என்று அடித்துவிட்டு, பெருந்தன்மையோடு சொன்னார்: "நீயும் வேணும்னா இதுல பேசிக்க. முகம் தெரியும்."

"அப்படியா?" என்றாள் மனைவி. வந்தாள். மூலையைப் பிடித்தாள். டக். திரையைத் தனியே எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் முன்னால் கீபோர்டு மட்டும் கிடந்தது. கதவிடுக்கில் "ம்" கூடக் கசியவில்லை. பழைய நிலைமையைவிட மோசம். எழுந்து போய்க் கதவோரம் நின்றால் மானம் போகும். எழுதிக்கொண்டிருப்பவர் மாதிரியாவது இருப்போம் என்று பொத்தான்களைத் தட்ட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பல் டாக்டர் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"லிஃப்ட் சார், என்ன பண்றீங்க?"

"எழுதறேன் டாக்டர்."

"எதுல?"

"இதுலதான்."

"எங்க விழுது?"

லிஃப்ட்காரர் பால்கனிப் பக்கம் பார்த்தார். "அந்தப் பக்கம் போய் விழும். கம்பி இல்லாமலே வேலை செய்யும்."

"ஓகோ" என்றார் டாக்டர். "நல்ல முன்னேற்றம்தான். நாங்க இன்னும் வாயைத் திறக்கச் சொல்லித்தான் பல்லைப் பிடுங்கறோம்."

அவர் போன பிறகும் லிஃப்ட்காரர் தட்டிக்கொண்டிருந்தார். மகள் பெயரை அடித்தார். திரும்பத் திரும்ப அதையே அடித்தார். எதிரே வெறும் சுவர்தான் இருந்தது; அதில் ஒன்றும் விழவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது திட்டத்தை எடுத்தார். இது தொழில் தெரிந்தவரின் திட்டம். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு, திரையும் கீபோர்டும் சேரும் இடத்தை மனைவிக்குக் காட்டினார்.

"இங்க பாரு. இந்த முனை இருக்கே, கழட்டிக் கழட்டி மாட்டினா தேஞ்சிடும். தேஞ்சா கவ்வாது. கவ்வலேன்னா கரண்ட் பாயாது. பாயலேன்னா மொத்தமும் போச்சு. இதைச் சின்ன லேப்டாப்பாவே வச்சுப் புழங்கறதுதான் நல்லது. மேஜையிலயே வச்சுப் பேசு."

"கழட்டறதுக்குத்தானே கழட்டற மாதிரி செஞ்சிருக்கான்?"

"லிஃப்ட் கதவைக்கூடத் திறக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கான். அதுக்காகச் சும்மா சும்மா திறந்துட்டிருப்பியா?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் உடனே சரி சொன்னவள் இல்லை அவள். அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் ஆகவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள். "நீங்க அந்தப் பக்கமா, திரைக்கு முதுகுப் பக்கமா உட்காருங்க. உங்க முகம் தெரிஞ்சா அவளுக்குச் சங்கடம். அவ முகம் தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடம்."

"எனக்கென்ன, நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துட்டிருப்பேன்" என்றார்.

வேலை ஒன்று வேண்டுமே. பரணிலிருந்து பழைய மேஜை மின்விசிறியை இறக்கி, திரைக்குப் பின்னால் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அழைப்பு வந்தது. "அம்மா" என்றது குரல்.

லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரை இறுகப் பிடித்துக்கொண்டார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஓரத்தில் லேசான கரகரப்பு. இரண்டு வருஷத்தில் குரலுக்கும் வயசாகிறது. கோபித்துக்கொண்ட பெண்ணின் குரல் போலவே அது இல்லை. மாடி வீட்டுக்காரர் ஓயாமல் ஆணி அடிக்கிறார், கொடியில் காயப்போட்ட துண்டு காற்றில் பறந்துபோயிற்று, பூனை ஒன்று தினமும் வந்து வாசலில் படுத்துக்கொள்கிறது என்று ஒன்றுக்கும் உதவாத சமாச்சாரங்கள். மழைக்கு ஒதுங்கியவன் ஒழுகும் துளியையெல்லாம் கையேந்திக் குடிப்பது போல லிஃப்ட்காரர் அதையெல்லாம் குடித்தார். எதிரே அந்தத் திரையின் முதுகு மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறம், மேலே மூலையில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. அதற்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்பதே போதுமானதாக இருந்தது.

விசிறி சரியாகிவிட்டால் உட்கார முடியாது. அதனால் அது சரியாகவே இல்லை. பகலில் பூட்டுவார், சாயங்காலம் பிரிப்பார்.

"அந்த விசிறிக்கு என்னதான் வியாதி?" என்றாள் மனைவி.

"பேரிங்."

"நேத்து காயில்னு சொன்னீங்க?"

"காயில் போனதாலதான் பேரிங்."

"முந்தாநாள் நல்லா ஓடிச்சே, நான் பார்த்தேனே?"

"அதுதான் வியாதியே. ஓடக் கூடாத நேரத்துல ஓடுது."

ஒருநாள் மகள் சொன்னாள்: "அம்மா, சமையலறைக் குழாய் ஒழுகிட்டே இருக்கும்மா. வாஷர் மாத்தியும் நிக்கல."

லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. பேசக் கூடாது. அவளிடம்தானே பேசக் கூடாது? விசிறியிடம் குனிந்தார். "வாஷர்ல ஒண்ணுமில்ல. வாஷர் உட்கார்ற இடம் தேஞ்சிருக்கும்" என்றார் விசிறியிடம்.

மனைவி திரையைப் பார்த்து, "வாஷர் உட்கார்ற இடம் தேஞ்சிருக்குமாம்" என்றாள்.

"யாரும்மா சொன்னா?"

"இங்க ஒரு விசிறி இருக்கு. அது சொல்லுச்சு."

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். பழைய சிரிப்பு. மூச்சு முட்டி, நடுவில் ஒரு விக்கலோடு நிற்கும் சிரிப்பு. லிஃப்ட்காரர் ஒரு திருகாணியைத் திருகினார், திருகினார், அது முறிந்து கையோடு வரும்வரை திருகினார்.

இன்னும் சில விஷயங்கள் அவருக்கு அதிசயமாக இருந்தன. ஒருநாள் மகள், "அந்தக் கோடு போட்ட சட்டை காலர் கிழிஞ்சு தொங்குதும்மா, தூக்கிப் போடேன்" என்றாள். அவர் மேல் இருந்தது அந்தச் சட்டைதான். என் சட்டையைக்கூட அவள் மறக்கவில்லை என்று உருகிப்போனார். இன்னொரு நாள், "சரியா சாப்பிடறதில்லையா? கன்னம் ஒட்டிப்போயிருக்கே" என்றாள். அவர் எட்டி மனைவியின் கன்னத்தைப் பார்த்தார். அது எப்போதும்போல உப்பித்தான் இருந்தது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாசத்தில் அப்படித் தோன்றும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது.

"அம்மா" என்றாள் மகள். "இந்தத் தடவையும் அதே மாதிரி இருக்கோன்னு டாக்டர் பயப்படறாங்க. அசையாமப் படுத்தே இருக்கச் சொல்லிட்டாங்க. எழுந்து தண்ணி குடிக்கக்கூட யோசிக்கணுமாம். எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா."

இந்தத் தடவை. மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்பது லிஃப்ட்காரருக்கு இப்போதுதான் தெரியும். மேலே போன எத்தனையோ "ம்"களில் எது அந்தச் செய்தியைச் சுமந்து போயிற்றோ, அவர் கோட்டைவிட்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் விசிறியின் இரும்பில் பட்டு டிக்டிக்கென்று சத்தமிட்டது. அவர் அதை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

"அம்மா," என்றது குரல், "அப்பாவுக்கு ஏன் இப்படிக் கை நடுங்குது?"

ஸ்க்ரூடிரைவர் மேஜையில் விழுந்தது.

லிஃப்ட்காரர் மெல்ல நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி மேஜைவிரிப்பின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு முதுகுலயும் ஒரு கண்ணு இருக்குங்க" என்றாள். "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எது பார்க்கணும்னு நாமதான் திருப்பிவிடணும்."

சாம்பல் நிற முதுகின் மூலையில் இருந்த அந்தக் கறுப்புப் புள்ளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"நீங்க விசிறியை இறக்கின நாளா. முதல்ல பால்கனியில வச்சு அவதான் கேட்டா, 'அப்பாவைக் கொஞ்சம் காட்டும்மா'ன்னு. எப்படிக் காட்டறதுன்னு நான் முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களே வந்து கழட்டாதேன்னீங்க. என் மூஞ்சியை அவ பார்த்தே ரொம்ப நாளாச்சு."

பூட்டியதும், பிரித்ததும், விசிறியோடு பேசியதும், மகள் சிரித்தபோது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், எல்லாம் போயிருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் கேட்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அவர் மேடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட்காரர் முகத்தில் அசடு வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அப்பா." குரல் இப்போது நேராக அவரிடம் வந்தது. "நீங்க ஏம்ப்பா பேசவே இல்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார்; வாயால் அல்ல, கையால், 'அவள்தான் சொன்னாள்' என்று காட்டினார்.

"நான் அன்னிக்கு மட்டும்தான்பா சொன்னேன்" என்றாள் மகள். "அந்த ஒருநாள் மட்டும்."

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஆளே இல்லாத ஒரு லிஃப்டுக்கு வெளியே இத்தனை காலம் காவல் நின்றிருக்கிறார். அவள் எப்போதோ மேலே ஏறி வந்து, இவர் வருவாரென்று வேறெங்கோ காத்திருந்திருக்கிறாள்.

பேச வேண்டும். செருமினார். மறுபடியும் செருமினார். எதிரே மனைவி கீபோர்டில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. அது என்னவென்று அவருக்குக் கவனமில்லை. கண்களை மூடிக்கொண்டார். பிறகு திறந்து, அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தார்.

"பாப்பா" என்றார். "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல என்ன செய்யணும் தெரியுமா? ரிப்பேர் எல்லாம் அப்புறம். முதல்ல வெளியே நின்னு பேசணும். 'நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதே'ன்னு சொல்லிட்டே இருக்கணும். உள்ளே இருக்கிறவங்க திட்டுவாங்க, கதவை உதைப்பாங்க. அப்பவும் பேச்சை நிறுத்தக் கூடாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். எத்தனை கதவுக்கு வெளியே நின்னு, யாரு எவருன்னு தெரியாதவங்ககிட்டயெல்லாம் பேசியிருக்கேன். உன்கிட்ட பேசலை."

மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. போனவன் எனக்கும் பேரன்தான். உனக்கு நல்லது சொல்றேன்னு நினைச்சு என்னவோ சொல்லிட்டேன். அப்பன்காரன் அழக்கூட இல்லையேன்னு நினைச்சிருப்பே. நான் அழுதேன் பாப்பா. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு மேல மோட்டார் ரூம் இருக்கு. அங்க போய் அழுதேன். மோட்டார் சத்தத்துல வெளியே கேக்காது. லிஃப்ட் ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் நானும் நிறுத்திக்குவேன். அது கிளம்பினா நானும் ஆரம்பிப்பேன். வடத்துக்குச் சரியா எண்ணெய்கூடப் போடாம வச்சிருக்கானுங்க, பாவிங்க. அதையும் பார்த்தேன். அழுதுக்கிட்டே பார்த்தேன்."

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. மகள் பார்க்கட்டும்.

"நான் வர்றேன்மா. நீ எழுந்திருக்க வேண்டாம். தண்ணி நான் எடுத்துத் தர்றேன். லிஃப்டுக்கு எதிர்எடைன்னு ஒண்ணு உண்டு. கூண்டு மேல போகும்போது அது கீழ வரும். அது இல்லேன்னா மோட்டார் மட்டும் தூக்க முடியாது. யாரும் அதைப் பார்க்கிறதில்ல. நான் அப்படி இருந்துக்கறேன். உன் கண்ணுலகூடப் படாம இருந்துக்கறேன். நீ பயப்படாதே."

அவ்வளவுதான். வாழ்நாளில் இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியதில்லை. காத்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நிசப்தம்.

"பாப்பா?"

அழுகிறாள் என்று நினைத்தார். "அழாதே கண்ணு. ஒரு வார்த்தை பேசேன்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இத்தனை நாளும் போகாத அந்தப் பக்கத்துக்கு மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார். திரை கறுப்பாக இருந்தது. அதில் காலர் கிழிந்த ஒரு கிழவனின் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"எப்ப அணைச்சே?"

"நீங்க செரும ஆரம்பிச்சீங்களே, அப்பவே." என்றாள் மனைவி. "அவளை அழவைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னதா மாப்பிள்ளை மத்தியானமே போன் பண்ணினார். உங்க தொண்டை போற போக்கைப் பார்த்தேன், சரிப்படாதுன்னு தோணிச்சு. 'அப்பா காலையில பஸ்ல கிளம்பி வர்றாரு'ன்னு எழுதி அனுப்பிட்டு நிறுத்திட்டேன். உங்க பையை அப்பவே கட்டி வச்சாச்சு."

"அப்ப நான் இவ்வளவு நேரம் பேசினது?"

அவள் மடியில் கிடந்த யாரோ ஒருவர் வீட்டுத் திரைச்சீலையின் ஓரத்தால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஒத்திகைக்குப் பரவாயில்லைங்க. நேர்ல சொல்லும்போது லிஃப்டை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க."